கூறை எடுக்கும் நாளுக்குள்

என் வாழ்க்கையில் முதல் இன்டர்வியூவுக்குப் போனபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. குடும்பக் கஷ்டத்துக்காகப் போனேன், பொழுது போகாமல் போனேன் என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இரண்டும் இல்லை. ஒரு மனிதரின் மூக்கை உடைக்கவேண்டும் என்று போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

அந்த மனிதர் என் கணவரின் அண்ணன். மாமா என்று கூப்பிடுவேன். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு துணிக்கடை உண்டு. மாமனார் காலமான பிறகு கல்லாவுக்குப் பின்னால் இருந்த உயரமான நாற்காலி மாமாவுக்கு வந்தது. என் கணவர் ஸ்டோரைப் பார்த்துக்கொள்வார், வேனில் போய்ச் சரக்கு எடுத்து வருவார். அவருக்குச் சம்பளம் உண்டு. எனக்குக் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், "நம்ம கடைதானே, கூட வந்து ஒத்தாசையா இரு" என்றார்கள். போனேன். இருபது வருஷத்துக்கு மேல் தினமும் போனேன். அதற்குப் பெயர் கடைசிவரை ஒத்தாசைதான்.

கல்யாணப் பெண்கள் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். மாநிறத்துக்கு எந்தச் சிவப்பு எடுக்கும், பருமனான பெண்ணுக்கு எவ்வளவு பார்டர் தாங்கும், பெண்ணுக்குப் பிடித்து அம்மாவுக்குப் பிடிக்காத புடவையை எப்படி அம்மாவையே எடுக்கவைப்பது, எல்லாம் என் வேலை. இவ்வளவும் நின்றபடி. மாமா கடையில் இருக்கும்போது வீட்டுப் பெண்கள் உட்காருவதில்லை. யாரும் சட்டம் எழுதி ஒட்டவில்லை. மாமியார் உட்காரவில்லை, அதனால் ஓரகத்தி உட்காரவில்லை, அதனால் நான் உட்காரவில்லை. மதியச் சோற்றைக்கூடப் பின்கட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்வேன். என் கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடப்பது அந்தக் கடை எனக்குக் கொடுத்த நகை.

போன வருஷம் நடுவில் மாமாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு பட்டர்வொர்த். மாப்பிள்ளையின் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. மண்டபத்தில் மாமா ஒவ்வொருவராக அந்த அம்மாவுக்கு அறிமுகம் செய்துகொண்டே வந்தார். இவன் என் தம்பி, ஸ்டோர் பொறுப்பு முழுக்க இவனிடம்தான் என்றார். அடுத்தது நான். கையில் தாம்பாளத்தோடு நின்றேன்.

"இது தம்பி சம்சாரம். வேலைக்கெல்லாம் போனதில்ல, வீட்டோடதான். பொழுது போகலன்னா கடைப் பக்கம் வந்து நிக்கும்."

அந்த அம்மா என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். வேலை வெட்டி இல்லாதவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது, எனக்குத் தெரியும். மணப்பெண் கட்டியிருந்த புடவையை எடுத்துக்கொடுத்தது நான். அதற்கு அன்று காலையில் மடிப்பு வைத்துக் கட்டிவிட்டது நான். பக்கத்தில் நின்ற என் கணவர் வாயைத் திறந்திருக்கலாம். அவர் வாயில் சிராப் சர்பத் கிளாஸ் இருந்தது. தாம்பாளத்தை மாமாவின் தலையில் கவிழ்த்திருப்பேன். அதில் பூவும் பழமும் இருந்ததால் விட்டேன்.

அப்போதுதான் அந்த அம்மா கூறைப் பேச்சை எடுத்தார். கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது எங்கள் வழக்கம். சம்பந்தி கடையிலேயே எடுத்தால் சம்பந்தி காசு வாங்கமாட்டார், பிறகு பெண் வீடே கூறை கொடுத்ததாக ஊர் பேசும், அதனால் வெளிக்கடையில்தான் எடுப்போம் என்றார். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு எடுக்கலாம், தை மாதம் கல்யாணத்துக்குச் சரியாக இருக்கும் என்றும் சொன்னார். மாமா பெருந்தன்மையாகச் சிரித்தார். "தாராளமா எடுங்க. எங்க எடுத்தாலும் நாங்களும் கூட வருவோம்லா" என்றார். பெண் வீட்டார் கூடப் போவதும் வழக்கம்தான்.

நான் அந்த இடத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எங்கள் தெருவில் வெளிக்கடையில் கூறை எடுப்பது என்றால் அது எதிர்க்கடைதான். அவர்களுடைய பட்டு மாடிக்குச் சுங்கைப்பட்டாணியிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். மாமா அந்தப் படியில் ஏறி வரும்போது மேலே பட்டு எடுத்துக் காட்டுகிற ஆள் நானாக இருக்கவேண்டும். சம்பந்தியம்மா பக்கத்தில் இருக்கவேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை கேட்கவேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. கூறை எடுக்கும் நாளுக்குள் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாகவேண்டும்.

எதிர்க்கடை ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துடையது. பெரியவர் உட்கார்ந்திருப்பார், அவருடைய மகள் நிர்வாகம் பார்ப்பார். எங்களுக்கும் அவர்களுக்கும் ஆகாது. என்ன சண்டை என்று கேட்டால் யாருக்கும் ஒழுங்காகத் தெரியாது. லாரி நிறுத்துகிற இடம், காலி அட்டைப்பெட்டி, யாரோ யாருடைய வாடிக்கையாளரையோ கைதட்டிக் கூப்பிட்டது, இப்படி ஏதோ. எங்கள் வீட்டார் அந்தக் கடையில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவர்கள் தூணில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பட்டுப் பிரிவுக்கு அனுபவமுள்ள பெண் தேவை. எங்கள் கடை பொம்மைக்குத் தூசி தட்டிக்கொண்டே அதை நாலு நாள் படித்தேன். ஐந்தாம் நாள் பின்கட்டுக்குப் போய் அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

அப்போது என் மகள் யுனிவர்சிட்டி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்திவிட்டாள். நல்ல பிள்ளை. ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட் சமையலறை மேசைக்கு ஒரு பக்கம் அவள் முதலாளியாக உட்கார்ந்தாள். போனைப் பார்த்துக் கேள்வி கேட்டாள்.

உங்களுடைய பலவீனம் என்ன என்றாள். கோபம் என்றேன். அப்படியெல்லாம் உண்மையைச் சொல்லக்கூடாது, வேலை முடியும்வரை ஓய்வெடுக்கத் தெரியாதது என் பலவீனம் என்று சொல்லவேண்டுமாம். இது என்ன கூத்து என்றேன். அடுத்த ஐந்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்றாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள். ஏன் இந்தக் கடையில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் அவளே ஒரு பதிலை உண்டாக்கி மனப்பாடம் செய்யவைத்தாள். புதியவற்றைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். இத்தனை காலம் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பழி, மாமா, மூக்கு என்ற வார்த்தைகள் வாய் தவறிக்கூட வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

இரண்டாம் நாள்தான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். அடுப்படியில் நின்றுகொண்டு பதில் சொன்னால் எனக்குச் சரளமாக வருகிறது. நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. அவள் போனில் படம் பிடித்துக் காட்டியபோது எனக்கே அசிங்கமாக இருந்தது. நாற்காலி நுனியில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு, யாராவது வந்தால் உடனே எழுந்துவிடலாம் என்கிற மாதிரி ஒருத்தி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

"அம்மா, யாருக்குப் பயந்து எழுந்திரிக்கப் போறீங்க?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். என் வாயைத்தான் அடைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டியையும் சேர்த்துப் பழக்கி வைத்திருக்கிறார்கள், படுபாவிகள். அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் உட்கார்ந்துதான். உட்கார்ந்து காய் நறுக்கினேன், உட்கார்ந்து போன் பேசினேன், மகளுக்குச் சமையலறை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ஒரு கைலியைப் பட்டு என்று சொல்லி விற்றேன். புதன்கிழமை வாக்கில் குரல் கொஞ்சம் மேலே வந்திருந்தது.

கணவரிடம் வியாழக்கிழமை காலைதான் சொன்னேன். பால் சேர்க்காத கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அன்றைக்கு மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, பேச்சுவாக்கில் வந்துவிட்டது என்றார். மனதில் வைத்துச் சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும், நான் அவர் மனதிலேயே இல்லை என்பதுதானே விஷயம் என்றேன்.

"அண்ணன் கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."

தலையில் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். மகள் சொன்னபடி முன் தெருவில் போகாமல் பின் சந்து வழியாக எதிர்க்கடைக்குள் நுழைந்தேன். வேலை கிடைக்கும்வரை மாமாவுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் ஆள் அனுப்பித் தடுத்துவிடுவார் என்பது அவள் கணக்கு.

மாடியில் ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் பெரியவரின் மகள், ஓரத்தில் வெள்ளைத் தொப்பியோடு பெரியவர். உட்காருங்க அக்கா என்றார் மகள். நான் உட்காரவில்லை. வேண்டும் என்று செய்யவில்லை. வயதான முதலாளி ஒருவர் அறையில் இருக்கிறார், என் முட்டி மடங்கவில்லை, அவ்வளவுதான். நாலு நாள் பயிற்சியும் வாசலோடு போய்விட்டது. பரவாயில்லை என்று முனகினேன். மறுபடி உட்காரச் சொன்னார்கள். மறுபடி பரவாயில்லை என்றேன். பெரியவரின் முகம் மாறியது.

"ஏம்மா, எங்க கடையில உக்காந்தா உங்களுக்குக் கொறச்சலா?"

எனக்குச் சுரீர் என்றது. ஒரு வாய்த் தண்ணீர்கூட குடிக்காத வீட்டுக்காரி நான். நிற்பதற்கு அவர் வேறு என்ன அர்த்தம் எடுப்பார்? இல்லை இல்லை என்று அவசரமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் குரல் போய்விட்டது. மகள் அடுத்த கேள்வியைக் கேட்டார். இத்தனை வருஷம் சொந்தக் கடையில் இருந்துவிட்டு இங்கே ஏன் வருகிறீர்கள்? புதியவற்றைக் கற்றுக்கொள்ள என்று ஆரம்பித்தேன். மிச்சம் வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை கைநழுவுவது எனக்கே தெரிந்தது. மாமா பட்டு மாடியில் ஏறி வருவார், அங்கே வேறு யாரோ ஒரு பெண் கூறையை விரித்துக் காட்டுவாள், நான் எதிர்ப்பக்கம் தூசி தட்டிக்கொண்டு நிற்பேன்.

"நின்னுக்கிட்டுச் சொல்லட்டுமா?" என்று கேட்டு எழுந்தேன்.

எழுந்ததும் என் மகள் சொல்லக்கூடாது என்றதெல்லாம் வந்தது. நிச்சயதார்த்தத்தில் மாமா சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். அவருடைய கடையில் வீட்டுப் பெண்கள் உட்காருவதில்லை, அதனால்தான் இப்போது முட்டி மடங்கவில்லை, உங்கள் கடையைக் குறைவாக நினைத்து இல்லை என்றேன். எந்தப் பெண்ணுக்கும் எந்த அம்மாவுக்கும் பட்டு விற்பேன், அதில் சந்தேகம் வேண்டாம் என்றேன். ஏன் உங்கள் கடை என்றால், கூறை எடுக்க அவர் இங்கேதான் வருவார், அன்று நான் இங்கே இருக்கவேண்டும் என்றேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. எழுந்து என்னைப் பக்கத்துக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். அதுவரை நான் பார்த்திராத பட்டு மாடி. இடுப்பு உயரத்துக்கு மேடை, அதன்மேல் வெள்ளைத்துணி விரித்த மெத்தை, கீழே வாடிக்கையாளருக்குச் சின்ன முக்காலிகள்.

"இங்க மேல உக்காந்துதான் பட்டு காட்டணும்மா. நின்னு காட்ட முடியாது. உங்களால முடியுமா?"

ஏறி உட்கார்ந்தேன். சம்மணம் போட்டு, முழு உடம்பும் மெத்தையில் பட. அலமாரியிலிருந்து அவரே ஒரு மாம்பழ நிறப் பட்டை எடுத்துத் தந்தார். அதை விரித்ததும் கை தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது, கையோடு சேர்ந்து வாயும் வந்தது. பெரியவரின் மகளைக் கல்யாணப் பெண்ணாக வைத்துக்கொண்டு பேசினேன். அவர் தன் முக்காட்டின்மேல் முந்தானையைப் போட்டுப் பார்த்தார். விலை கேட்டார்.

வேலை உண்டு என்றார்கள். ஆனால் சிம்பாங் அம்பாட்டில் புதிதாகக் கிளை திறக்கிறார்களாம், அங்கே பொறுப்பு எடுத்துக்கொள்ளவேண்டுமாம், சம்பளமும் கூடுதலாம். சிம்பாங் அம்பாட் கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே மட்டும் போதும், குறைந்த சம்பளம் போதும் என்றேன். மகள், "இங்க சீசனுக்குத்தான் அக்கா ஆள் வேணும், நிரந்தரமா அங்கதான்" என்றார். சரி, சீசனுக்கு இங்கே இருக்கிறேன், தீபாவளி முடிந்து ஒரு குறிப்பிட்ட கூறை எடுக்கிறவரை இங்கேதான் இருப்பேன், மறுநாளே அங்கே போகிறேன் என்றேன். அப்பாவும் மகளும் பேசிக்கொண்டார்கள். பெரியவர் அப்போதுதான் லேசாகச் சிரித்தார். அவருக்கும் எதிர்க்கடைமேல் கொஞ்சம் பாக்கி இருந்திருக்கவேண்டும். குடிக்கத் தேத்தண்ணீர் வந்தது. முழுதாகக் குடித்தேன்.

வரும்போது முன்வாசல் வழியாக இறங்கினேன். மாமா நாற்காலியிலிருந்து பார்த்தார். ரோட்டைக் கடந்து நேராக அவரிடம் போய், திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன் மாமா என்றேன். எங்கே என்று கேட்டார். கையைக் காட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த சீசன் முழுக்கக் கணவர் மூலமாகத் தூது வந்துகொண்டே இருந்தது. குடும்ப மானம் போகிறது, பழைய வாடிக்கையாளர்கள் என்னைத் தேடி அங்கே ஏறிவிடுகிறார்கள், வேண்டுமானால் சம்பளம் போட்டுத் தருகிறேன், வரச் சொல். இப்போது சம்பளமாம். அவரையே வந்து கேட்கச் சொல்லுங்கள் என்றேன். எங்கள் தெரு அகலம் ஒரு வேன் போகிற அளவுதான். அவர் கடக்கவில்லை.

தீபாவளி முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடந்தார். கடக்கவேண்டி வந்தது. முன்னால் சம்பந்தியம்மா, பிறகு மணப்பெண்ணும் ஓரகத்தியும், கடைசியில் மாமா. வேறு கடைக்குப் போகலாம் என்று அவர் முதல்நாள் வரை சொல்லிப் பார்த்திருக்கிறார். இந்தப் பட்டு மாடியை விட்டு வேறெங்கே போவது என்று சம்பந்தியம்மா கேட்டுவிட்டாராம். படியேறி வரும் காலடிச் சத்தம் கேட்டபோது மெத்தையின் வெள்ளைத்துணியை இழுத்துச் சரிசெய்தேன். மாமாவின் தலை தெரிந்ததும் என் முட்டி இரண்டும் தானாக எழப் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழவில்லை.

சம்பந்தியம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்கள நிச்சயத்துல பாத்தேனே. சம்பந்தி, இவங்க வேலைக்கே போனதில்லன்னு சொன்னீங்களே?"

மாமா என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கெஞ்சல் இருந்தது. அவருடைய மகள் நான் தூக்கி வளர்த்தவள், பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றாள். சமாளித்துவிடு என்று கேட்கிறார், புரிந்தது. இதோ இப்போதுதான் சேர்ந்தேன் அம்மா என்று நான் சொன்னால் அவர் தப்பித்துவிடுவார். நான் சொல்லவில்லை.

"இருபது வருஷத்துக்கு மேல எதிர்க்கடையில இதே பட்டுதாம்மா காட்டினேன். தினமும் மாமா கண்ணு முன்னாலதான் நின்னேன். அவருக்குத்தான் தெரியல."

சம்பந்தியம்மா மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவரிடம் படித்த பிள்ளைகளுக்குத்தான் அது பழக்கமாக இருக்கும். பெண்கள் மூவரும் முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். மாமா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் மாமா நிக்கிறீங்க? உக்காருங்க" என்றேன்.

மீதி இருந்த முக்காலி குட்டையானது, பிள்ளைகளுக்காகப் போட்டது. அவர் அதில் உட்கார்ந்தார். நான் மேடையிலிருந்து முதல் கூறையை விரித்தேன்.